தங்கையை நான் எழுப்பிய காலைகள்

தொண்ணூற்றொன்றாம் வருடம் மாசி மாதத்தில் என் தங்கையின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்கு இருபத்து நான்கு. இருவரும் ஒரே கம்பெனியில், பக்கத்துப் பக்கத்து மிஷினில் வேலை பார்த்தோம். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் இரண்டு மைல் போனால் வரும் சின்னக் கம்பெனி அது. தகட்டை வெட்டி ஸ்கூட்டருக்கான பாகங்கள் செய்வார்கள். பிரஸ் ஓட்டியவர்கள் எல்லோரும் பெண்கள்.

அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பா அதற்கு முன்பே செங்கல்பட்டுப் பக்கம் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டார். கோயிலுக்குப் பின்புறச் சந்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஓடு போட்ட ஒற்றை அறையில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். அவளைக் கம்பெனியில் சேர்த்துவிட்டது நான்தான். தொழில் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

அந்த பிரஸ்ஸில் இரண்டு பச்சை பட்டன்கள் இருக்கும். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். கை உள்ளே போகக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் டார்கெட் வராது. அதனால் நாங்கள் குச்சி ஐஸின் குச்சியை ஒடித்து ஒரு பட்டனின் ஓரத்தில் செருகிவிடுவோம். அது அழுந்தியபடியே நிற்கும். பிறகு ஒரு கையால் மற்ற பட்டனைத் தட்டிக்கொண்டே அடுத்த கையால் தகட்டை வைத்து எடுக்கலாம். சூப்பர்வைசருக்கு இது தெரியும். தெரியாதது மாதிரி நடந்துபோவார். என் தங்கை சேர்ந்த இரண்டாம் வாரம், அவளுடைய எண்ணிக்கை குறைவாக இருந்ததைப் பார்த்து, என் குச்சியை இரண்டாக ஒடித்து ஒன்றை அவள் மிஷினில் நான் செருகினேன். அவள் பயந்தாள்.

"வேணாம்க்கா, கை போயிரும்."

"ரெண்டு வருசமா வெச்சிகினு கீறேன். எனக்கு இன்னா போச்சு?"

விபத்து நடந்த அன்று சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் கத்தவில்லை. "அக்கா" என்று சாதாரணமாகக் கூப்பிட்ட மாதிரிதான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கை இன்னும் மிஷினுக்குள் இருந்தது. நான் ஓடிப்போய் முதலில் செய்த காரியம், பட்டனில் இருந்த குச்சியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் மிஷினை நிறுத்தினேன். அதற்கும் பிறகுதான் அவளைப் பிடித்தேன். இதை எத்தனையோ முறை மனசில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வரிசை மாறுவதே இல்லை.

மூன்றாம் நாள் ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். சூப்பர்வைசர் படித்துக் காட்டினார். ஊழியர் விதியை மீறி ஒரு பட்டனை முழங்கையால் அழுத்திக்கொண்டு, கையை உள்ளே விட்டதால் விபத்து நேர்ந்தது என்று இருந்தது.

"நீ பக்கத்து மிஷின்ல இருந்தே. முழங்கையாலதான அழுத்திச்சு?"

"ஆமா சார்."

"கையெழுத்துப் போடு."

போட்டேன். அவள் தப்பு என்று ஆனதால் அவளுக்கு வேலை போயிற்று. என் வேலை இருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டு பிரிக்கும் நாளில் ஒரு டாக்டரம்மா இருந்தார். நல்ல மனுஷி. என் தங்கை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். காயம் ஆறிவிடும், மனசைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். படுத்தே கிடக்க விடாதீர்கள். காலையில் எழுந்து வெயில் படும்படி கொஞ்சம் நடக்கட்டும். தன் வேலையைத் தானே செய்யட்டும். நேரத்துக்குச் சாப்பிடட்டும், நாலு பேரோடு பேசட்டும். எல்லாம் மெதுவாக, அவள் போக்கிலேயே. நான் தலையாட்டினேன். கடைசி வார்த்தைகளை மட்டும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் அவள் சுவரைப் பார்த்தபடி படுத்தாள். நான் வேலைக்குப் போகும்போது எந்தப் பக்கமாகப் படுத்திருந்தாளோ, வரும்போதும் அதே பக்கம். ஒரு வாரம் பார்த்தேன். எட்டாம் நாள் காலண்டரிலிருந்து போன மாசத் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் நேரம் போட்டு எழுதிக் கதவில் ஒட்டினேன். ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும். ஏரிக்கரை வரை நடை. வந்து குளியல். தலையைத் தானே வார வேண்டும். வாசலில் கோலம். ஏழு மணிக்குச் சாப்பாடு. பகலில் படுக்கக் கூடாது. பாயைச் சுருட்டி நான் வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன், சாயங்காலம் வந்துதான் திரும்ப வாங்குவேன்.

முதல் நாள் அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றினேன். எழுந்து உட்கார்ந்து, சொட்டச் சொட்ட என்னைப் பார்த்தாள்.

"வலிக்குதுக்கா."

"கைதான வலிக்குது. கால் நல்லாத்தான கீது. நட."

ஏரிக்கரையில் அந்த நேரத்தில் ஆட்கள் போய் வந்துகொண்டிருப்பார்கள். அவள் வலது கையைத் தாவணிக்குள் ஒளித்துக்கொண்டு நடந்தாள். நான் தாவணியை இழுத்துவிட்டேன். "வெளிய வுடு. எல்லாரும் ஒரு தபா பாத்துட்டா அப்புறம் பாக்க மாட்டாங்க" என்றேன். அது உண்மைதான். பத்து நாளில் யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பத்து நாள் அவள் எப்படி நடந்தாள் என்பதை நான்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

வாசலில் கோலம் போட மீதியிருந்தவை கட்டை விரலும் சுண்டு விரலும்தான். மாவு அந்த இரண்டுக்கும் நடுவே கொத்தாக விழும். அவள் இடது கைக்கு மாற்றினால் நான் பின்னாலிருந்து, "சோத்துக் கையால போடு" என்பேன். கோடு வராமல் மாவு திட்டுத் திட்டாகக் கிடக்கும். தண்ணீர் பிடிக்கப் போகும் பெண்கள் நின்று பார்ப்பார்கள். காலால் அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வேன். ஒரு நாள் நாலு முறை போட வைத்தேன். கம்பெனி வேன் வந்துவிட்டதால்தான் அன்று நிறுத்தினேன்.

சாப்பாடு இன்னும் மோசம். வீட்டுக்கார அம்மா இரக்கப்பட்டு ஒரு ஸ்பூன் கொடுத்திருந்தார். நான் அதை எடுத்துக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வலது கையால்தான் சாப்பிட வேண்டும் என்றேன். சோறு தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் மடியில் விழுந்தது. அவள் எழுந்திருக்கப் போனாள்.

"உக்காரு. கீழ வுழுந்தத எடு. அந்தக் கையாலயே எடு."

ஒவ்வொரு பருக்கையாக எடுத்தாள். அழுதாள். அழுவதற்கும் நேரம் வைத்திருந்தேன் என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. அழ வேண்டுமானால் குளிக்கும்போது அழு, வெளியே வந்தால் முகம் துடைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சத்தம் வராமல் அழக் கற்றுக்கொண்டாள்.

வீட்டுக்கார அம்மா ஒரு நாள் என்னை நிறுத்தினார். "இன்னாம்மா இது, அந்தப் பொண்ண இந்தப் பாடு படுத்துறே? கொஞ்ச நாள் வுட்டுத்தான் புடியேன்."

"டாக்டர் சொல்லி கீறாங்கம்மா. அவ நல்லதுக்குத்தான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொடுமை என்னவென்றால், அது பலித்தது. பங்குனி முடிவதற்குள் அவள் நான் எழுப்பாமலே எழுந்தாள். நன்றாகத் தூங்கினாள், பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டாள். இரண்டு விரலாலும் உள்ளங்கையாலும் சோற்றை அள்ள ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். இடது கையில் சீப்பைப் பிடித்து, வலது கையால் முடியை அழுத்தி, பின்னல்கூடப் போட்டாள். ஒரு சாயங்காலம் நான் சந்தில் திரும்பும்போது, முன்கட்டில் வீட்டுக்கார அம்மாவோடு உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. நான் அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதம் எனக்கும் நல்ல தூக்கம் வந்தது.

சித்திரையில் அவள் தனியாக நடக்க ஆரம்பித்தாள். நான் வேனில் கிளம்பிய பிறகு போகிறாள், ஒன்பது மணிக்குத்தான் திரும்புகிறாள் என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். இரண்டு மூன்று மைல் நடந்தால்தான் உடம்புக்கு நல்லது என்று எனக்குச் சந்தோஷம்.

ஒரு திங்கட்கிழமை, ஊர் ஊராகச் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு வந்த வேன் கம்பெனி கேட்டில் திரும்பும்போது ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். கேட்டுக்கு எதிரே, டீக்கடை ஓரமாக நின்றிருந்தாள். குளித்து, பின்னி, பவுடர் போட்டு, பளிச்சென்று இருந்தாள். மாம்பாக்கம் பக்கமிருந்து நடந்தும் சைக்கிளிலும் வேலைக்கு வரும் பெண்களை ஒவ்வொருத்தியாக நிறுத்தி, வலது கையைத் தூக்கிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத புதுப் பெண்களாகப் பார்த்து நிறுத்தினாள். நான் இறங்கி உள்ளே ஓடிவிட்டேன். ஆனாலும் ஒரு வாக்கியம் காதில் விழுந்தது.

"குச்சி வெக்காதீங்க. யார் சொன்னாலும் வெக்காதீங்க. கூடப் பொறந்தவ சொன்னாலும்."

அவள் கோஷம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. எட்டு மணிக்குச் சங்கு ஊதியதும் கிளம்பி வந்த வழியே நடந்து போய்விட்டாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். அந்த வாரக் கடைசியில் எங்கள் வரிசையில் ஆறு மிஷின்களில் குச்சி இல்லை. எண்ணிக்கை இறங்கிற்று.

சனிக்கிழமை சூப்பர்வைசர் என் மிஷினருகே வந்து நின்றார்.

"தங்கச்சிய வூட்ல வெச்சிக்க முடியாதா உன்னால?"

"உடம்புக்கு நடக்கச் சொல்லி கீறாங்க சார்."

"நடக்கட்டும். வேற பக்கம் நடக்கட்டும். திங்கக்கெழம அது இங்க நின்னா, செவ்வாக்கெழம நீ இங்க நிக்க மாட்டே. அந்தப் பேப்பர்ல கீறது உன் கையெழுத்து. ஞாபகம் வெச்சிக்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அவளிடம் எதுவும் பேசவில்லை. திங்கட்கிழமை காலை அவள் கொல்லையில் குளித்துவிட்டு உள்ளே வந்து தலை வாரிக்கொண்டிருந்தபோது, நான் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினேன். சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். உள்ளே சீப்பு நின்றது. அவள் கதவைத் தட்டவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. வீட்டுக்கார அம்மா அன்று காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதுவும் எனக்குத் தெரியும்.

அன்று முழுவதும் நான் குச்சி வைத்துத்தான் ஓட்டினேன். நான் நல்ல ஊழியர் என்று சூப்பர்வைசர் பார்க்கட்டும் என்று.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தேன். அவள் மூலையில் கிடப்பாள் என்று நினைத்தேன். அல்லது மேலே விழுந்து அடிப்பாள் என்று. அறை கழுவித் துடைத்திருந்தது. பாத்திரங்கள் கவிழ்த்து வைத்திருந்தன. அவள் இறுகப் பின்னிய தலையோடு, துவைத்த தாவணியில், சுவரில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மூலையில் ஒரு வாளியைத் தட்டு போட்டு மூடி வைத்திருந்தாள். பத்து மணி நேரம் பூட்டிவைத்த ஒருத்திக்கு என்னவெல்லாம் தேவைப்படும் என்பதை அந்த வாளியைப் பார்த்தபோதுதான் யோசித்தேன்.

"கதவுல எழுதினது எல்லாம் செஞ்சுட்டேன்க்கா" என்றாள். "நடக்கத்தான் எடம் இல்ல. இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் ஏழு அடி. அதுலயே நடந்தேன். பகல்ல படுக்கல."

"உனக்காகத்தான்" என்று ஆரம்பித்தேன். "வேலை போயிட்டா நாம ரெண்டு பேரும்..."

"அன்னிக்கு நீ எடுத்தே இல்ல, குச்சி. அத இன்னா பண்ணே?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"நான் பாத்துகினுதான் இருந்தேன். எனக்கு மயக்கம் வரல. என் கை உள்ள கீது, நீ குச்சிய எடுக்குறே. இடுப்புல சொருகுறே. அப்புறம் சுவிட்ச அணைக்குறே. ஆஸ்பத்திரில இத யார்கிட்டயும் சொல்லல. நீயும் வேலைய வுட்டா சோறு ஏதுன்னு சொல்லல. அதுக்கப்புறம் நீயா வந்து சொல்வேன்னு பாத்தேன். நீ வந்து தண்ணிய ஊத்தினே."

"நீ எழுந்திருக்கணும்னுதானடி..."

"ஆமா, எழுந்துட்டேன். நல்லாத்தான் கீறேன். நீ சொன்னதெல்லாம் நல்லதுதான், இல்லேங்கல. ஆனா நீ எனக்குச் செய்யல. நான் படுத்துகினு இருந்தா நீ செஞ்சது உன் கண்ணுக்குத் தெரியுது. அது தெரியக் கூடாதுன்னுதான் என்னை எழுப்பினே. நான் சிரிச்சா உனக்குத் தூக்கம் வருது. எனக்குத் தெரியாதா? பக்கத்துலதான படுத்துகினு கீறேன்."

நான் அவள் காலருகே உட்கார்ந்தேன். கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், கோபமாக அல்ல, ஒரு பாத்திரத்தை நகர்த்தி வைப்பது போல. பிறகு எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நான் வாங்கப் போனபோது, "வுடு" என்றாள்.

மறுநாள் நான் பூட்டவில்லை. அவள் கேட்டுக்கும் போகவில்லை. ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு, ஒரகடத்தில் பஸ் மாறி, சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்த எங்கள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள். என்னிடம், "அடுப்புல பால் கீது, பொங்கிரும், பாரு" என்றாள்.

அவள் போன பிறகு எண்ணிக்கை மறுபடி ஏறியது. ஆறு மிஷின்களில் ஒவ்வொன்றாகக் குச்சி திரும்பி வந்தது. என் தங்கை இருந்த மிஷினில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியைப் போட்டார்கள். வந்த மூன்றாம் நாள் அவளே ஒரு குச்சியை எடுத்து வந்திருந்தாள். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அவள் செருகுவதைப் பார்த்துக்கொண்டே நான் பத்துப் பன்னிரண்டு தகடு வெட்டினேன். பிறகு என் மிஷினை நிறுத்திவிட்டுப் போய் அவள் பட்டனிலிருந்து அதைப் பிடுங்கினேன். அவள் கோபத்தோடு பார்த்தாள்.

"என் தங்கச்சிக்கு நான்தான் இத வெக்கக் கத்துக்கொடுத்தேன்" என்றேன். "அவ கை போனதும் நான்தான் இத எடுத்து ஒளிச்சேன்."

மிஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "இன்னாக்கா?" என்றாள். மறுபடியும், தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. இரண்டாம் முறை கத்தியது அவளுக்கும் கேட்டது, பின்வரிசைக்கும் கேட்டது, வழியில் வந்துகொண்டிருந்த சூப்பர்வைசருக்கும் கேட்டது.

என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஆபீஸில் போய், அந்தத் தாளில் நான் போட்ட கையெழுத்து பொய் என்று சொன்னேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர், அந்த ஃபைல் முடிந்துவிட்டது, போய் வேலையைப் பார் என்றார். நான் எழுதிக் கொடுத்ததை வாங்கவும் இல்லை. சில வாரங்கள் கழித்து எல்லாப் பட்டன்களையும் சுற்றி இரும்பு வளையம் வைத்துப் பற்றவைத்தார்கள். அதற்கு மேல் குச்சி செருக முடியாது. எதற்காக வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனேன். தங்கை அப்போது ரயிலில் தாம்பரம் போய் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தாள். ஏழு விரலால் அடிப்பதற்கு அவளே ஒரு முறை வைத்திருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், முகத்தில் வெயில் பட்ட நிறம் இருந்தது. கம்பெனியில் நான் கத்தியதை, ஆபீஸில் சொன்னதை, வளையம் வைத்ததை எல்லாம் சொன்னேன். உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"சரி" என்றாள். "சாப்பிடு."

சாம்பாரும் அவரைக்காய்ப் பொரியலும் வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் இருந்தாள். மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன். கிளம்பும்போது என்னோடு ரயில்வே கேட் வரைக்கும் வந்தாள். அங்கே நின்று சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இனிமே ஞாயித்துக்கெழம வராத. வாரத்துல அந்த ஒரு நாள்தான் எனக்கு க்ளாஸ் இல்ல. காலைல நடக்குறேன், தலைக்குக் குளிக்கறேன், மத்தியானம் கொஞ்சம் தூங்கறேன். மனசு நல்லா கீது. நீ வந்தா அன்னிக்கும் அதுக்கு அடுத்த ரெண்டு நாளைக்கும் கெட்டுப்போயிரும். வரணும்னா வேலை நாள்ல வா. சாயங்காலம் வந்து பாத்துட்டுப் போ."

"சரி" என்றேன்.

எனக்குக் கோபம் வந்தது. அதுதான் உண்மை. இவ்வளவும் செய்த பிறகு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாதா என்று கோபம். பஸ்ஸில் ஒரகடம் தாண்டும் வரை அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அதையும் பிடித்துக்கொள்ள முடியவில்லை.

அதன்பின் வருடத்துக்கு இரண்டு முறை, லீவு போட்டு, வேலை நாளில்தான் போனேன். அவளுக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, குழந்தைகள் பிறந்தன. வாசலில் பார்த்ததும் "வாக்கா" என்பாள். காபி கொடுப்பாள். அரை மணி நேரம் ஆனதும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டாள், ஆனால் நான் எழுந்துவிடுவேன்.